மன்னார் வளைகுடாவில் காற்றாலைக்கு எந்தக் கால்?

2022க்கும் 2024க்கும் நடுவில் பிரான்ஸ் தன் கடலில் மூன்று காற்றாலைப் பண்ணைகளைக் கட்டி முடித்தது. சான் நசேர் 480 மெகாவாட், சான் பிரியூ 496, ஃபெகாம் 497. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே கொள்ளளவு, கரையிலிருந்து எல்லாமே பத்து இருபது கிலோமீட்டர்தான். ஆனால் மூன்றும் மூன்று விதமான கால்களில் நிற்கின்றன. சான் நசேரில் 80 ஆலைகளுக்கும் தலா ஒரு தடித்த எஃகுக் குழாய். மோனோபைல் என்பார்கள். சான் பிரியூவில் 62 ஆலைகளும் ஜாக்கெட் மேல் நிற்கின்றன. நம் ஊர் மின்கோபுரத்தைக் குழாய்களால் பின்னினால் எப்படி இருக்குமோ அப்படி. ஃபெகாமில் 71 ஆலைகளுக்கு அடியில் தலா 5,000 டன் வரை எடையுள்ள கான்கிரீட் குடுவை கடல்தரையில் உட்கார்ந்திருக்கிறது. முளை, ஆணி எதுவும் கிடையாது. எடைதான் பிடிமானம்.

மூன்றில் யார் தப்பு செய்தார்கள் என்று தேட வேண்டாம். ஒவ்வொரு இடத்துக்கும் அலை வேறு, தரை வேறு. இந்தக் கதையை இங்கே எடுப்பதற்குக் காரணம், இதே கேள்வி நம் வாசலுக்கும் வந்திருப்பதுதான். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைக்கு 7,453 கோடி ரூபாய் திட்டம் ஒன்றை அறிவித்தது. குஜராத் கடலில் 500 மெகாவாட், தமிழ்நாட்டுக் கடலில் 500 மெகாவாட். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் நம் தென்கடலில் எட்டு மண்டலங்களைக் குறித்து வைத்திருக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து முப்பந்தலில் இறக்கைகளைச் சுற்றும் அந்தக் காற்றுக்குக் கடலுக்கு மேல் தடையே இல்லை. காற்றைப் பற்றிச் சந்தேகம் யாருக்கும் இல்லை. சந்தேகமெல்லாம் காலைப் பற்றித்தான்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே அலை எவ்வளவு உயரம் வரும்?" என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவில் எத்தனை வினாடி என்பது. இதை இடைநேரம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. 30 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 3 மீட்டர் உயர அலை ஒன்று 8 வினாடி இடைநேரத்தில் வருகிறது. அதன் நீளம் கிட்டத்தட்ட 96 மீட்டர். அதே 3 மீட்டர் உயரத்தில் 16 வினாடி அலை வந்தால் நீளம் 250 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கரையில் நின்று பார்ப்பவருக்கு உயரம் ஒன்றுதான். கடல்தரையில் வித்தியாசம் தெரியும். 8 வினாடி அலையின் கீழே தரையோரம் தண்ணீர் வினாடிக்குச் சுமார் 34 சென்டிமீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் போய்வரும். 16 வினாடி அலையின் கீழே 72 சென்டிமீட்டர். தரையில் அழுத்தம் ஏறி இறங்குவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உயரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போனவருக்கு இந்த இரண்டு கடலும் ஒரே கடலாகத்தான் தெரியும்.

நம் தென்கடலில் இது ஏட்டுக் கணக்கு அல்ல. கள்ளக்கடல் என்று கேரள, குமரி மீனவர்கள் சொல்வார்களே, அதுதான் இது. தெற்கே, ஆப்பிரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கீழே அடிக்கும் புயல்காற்றில் பிறக்கும் அலை நாலைந்து நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகிறது. குட்டை அலைகள் வழியிலேயே தளர்ந்துபோகும். நீண்ட அலைகள் மட்டும் வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றே இருக்காது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கொண்டுபோனது இந்த அலைதான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம் இப்போது இதற்குத் தனியாக எச்சரிக்கை விடுகிறது. மன்னார் வளைகுடாவுக்கு வடக்கிலும் கிழக்கிலும் இலங்கையும் ராமர் பாலமும் மறைப்பு. தெற்குப் பக்கம் திறந்த கதவு.

சரி, இப்போது கால்களைப் பார்ப்போம்.

மோனோபைல் உலகில் அதிகம் பயன்படுவது. விலை மலிவு, செய்வது சுலபம்: தகட்டை வளைத்துக் குழாயாக்கி, கப்பலில் கொண்டுபோய், சம்மட்டியால் தரைக்குள் இறக்க வேண்டியதுதான். எட்டு பத்து மீட்டர் விட்டம் என்றால் பெரிய பொருளாகத் தோன்றும். ஆனால் நூறு மீட்டர் நீள அலைக்கு முன்னால் அது ஒரு குச்சி. அலையின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாத வரை அலை அந்தப் பொருளைக் கண்டுகொள்ளாமல் போய்விடும் என்பது இந்தத் துறையின் பழைய கைக்கணக்கு. மோரிசனும் கூட்டாளிகளும் 1950இல் எழுதிய சூத்திரம் இன்றைக்கும் இதற்குத்தான் உதவுகிறது. விசையை அது இரண்டாகப் பிரிக்கும். தண்ணீர் வேகம் கூடிக் குறையும்போது தள்ளுவது ஒன்று, ஓடும்போது உரசி இழுப்பது இன்னொன்று.

எந்த மீன்பிடித் துறைமுகத்தின் படகுத்துறையிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு தூணையே கவனித்துக்கொண்டு நில்லுங்கள். அலை வரும்போது முன்பக்கத்தில் தண்ணீர் ஒரு சாண், இரண்டு சாண் மேலே ஏறும். அதே நொடியில் பின்பக்கத்தில் குழி விழும். அடுத்த நொடி ஏறினது சரிந்து இரண்டு பக்கமும் சுருண்டு ஓடும். தூணின் இடுப்பில் பாசி எந்த உயரம் வரை ஏறியிருக்கிறதோ, அது அந்தத் துறையின் தினசரிக் கணக்கு. தூண் பெரிதாகப் பெரிதாக இந்த ஏற்றமும் பெரிதாகும். டென்மார்க்கின் ஹார்ன்ஸ் ரெவ் பண்ணையில் 2002இல் 80 மோனோபைல்களை நிறுத்தினார்கள். ஆட்கள் ஏறி இறங்கும் கீழ்த்தளங்களை எட்டாத உயரம் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். தூணைப் பிடித்து மேலே ஏறிய அலை அவற்றைச் சேதப்படுத்திவிட்டது.

மோனோபைலின் உண்மையான வம்பு ஆட்டம். ஊஞ்சலுக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. அந்த வேகத்துக்குப் பொருந்தும்படி தொட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடப் பெரியவரை ஆட்டிவிடும். காற்றாலையும் அதன் மோனோபைலும் சேர்ந்து மூன்று முதல் ஐந்து வினாடிக்கு ஒரு தடவை ஆடும் ஊஞ்சல். ஆலை பெரிதாகும்போது இந்த நேரம் நீளும். அப்போது உள்ளூர்க் காற்றில் எழும் சில்லறை அலைகளின் இடைநேரத்துக்குப் பக்கத்தில் போய்விடும். நாள் முழுக்க, வருடம் முழுக்கத் தட்டிக்கொண்டே இருக்கிற அலைகள் அவை. பெரிய அலையும் சும்மா விடாது. செங்குத்தான 12 வினாடி அலை தூணை மோதும்போது அதன் மூன்றில் ஒரு பங்கு நேரத்தில், அதாவது 4 வினாடிக் கணக்கில் ஒரு அதிர்வையும் கொடுத்துவிட்டுப் போகும். கோயில் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு விட்டதுபோல தூண் கொஞ்ச நேரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். துறையில் இதற்கு ரிங்கிங் என்றே பெயர். நீண்ட அலை மோனோபைலைத் தொந்தரவு செய்யாது என்று சொல்பவர்கள் இந்தப் பின்னதிர்வை மறந்துவிடுகிறார்கள்.

மோனோபைல் மேல் எனக்கு இருக்கும் பெரிய தயக்கம் அலைக்குக் கீழே இருக்கிறது. மன்னார் வளைகுடா பவளத்தின் நாடு. சிப்பியும் பவளமும் நொறுங்கிய சுண்ணாம்பு மணல் அங்கே சாதாரணம். அந்த மணல் பார்ப்பதற்குக் கெட்டியாக இருக்கும். இடித்தால் துகள் நொறுங்கி முளையைப் பிடிக்காமல் விட்டுவிடும். ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கடலில் 1982இல் நார்த் ராங்கின் என்ற எரிவாயுத் தளத்தை நிறுத்தியபோது இதுதான் நடந்தது. சம்மட்டி போட்டு இறக்க வேண்டிய முளைகள் தம் எடையிலேயே பல பத்து மீட்டர் உள்ளே இறங்கிப் போய்விட்டன. அதைச் சரிசெய்ய வருடக்கணக்கில் வேலை நடந்தது. சான் நசேரில் நேர் எதிர்ப் பிரச்சினை: தரை பாறை. குழாயை இறக்கப் பாறையைத் துளைக்க வேண்டியிருந்தது. அப்புறம் சம்மட்டிச் சத்தம். கடல்பசு மேயும் கடலில் அந்தச் சத்தம் தண்ணீருக்குள் எத்தனை தூரம் போகும் என்பதைச் சுற்றுச்சூழல் அனுமதிக்காரர்கள் கேட்காமல் விட மாட்டார்கள், விடவும் கூடாது.

கான்கிரீட் குடுவைக்கு இந்த முளைத் தொல்லை இல்லை. சத்தமும் இல்லை. கரையிலேயே வார்த்துவிடலாம், சிமெண்டும் கம்பியும் கொத்தனாரும் நம்மிடம் இருக்கிறார்கள். இந்தக் காரணத்துக்காகவே உள்ளூரில் இதற்கு ஆதரவு அதிகம். குடுவையின் வடிவமும் புத்திசாலித்தனமானது: அலை பலமாக இருக்கும் மேற்பரப்பில் கழுத்து ஒடுக்கம், அமைதியான அடியில் வயிறு அகலம். பிரச்சினை அந்த 'அமைதியான அடி' என்பதில் இருக்கிறது. 8 வினாடிக் கடலில் அடி ஓரளவு அமைதிதான். கள்ளக்கடல் நாளில் அப்படி இல்லை என்று மேலே பார்த்தோம். குடுவையின் விளிம்பைச் சுற்றி ஓடும் தண்ணீர் மணலை அரிக்கும். அழுத்தம் ஏறி இறங்க, தளர்ந்த மணல் ஈரமாவு மாதிரி குழையவும் வாய்ப்புண்டு. கல் கொட்டிக் காப்பாற்றலாம். அந்தக் கல்லையும் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அகலமான பொருள் என்றால் அலை அதைச் சும்மா கடந்துபோகாது. முட்டித் திரும்பும், வளைந்து சுற்றும், முட்டி வருவதும் புதிதாக வருவதும் சேர்ந்து சில இடங்களில் இரண்டு மடங்காக எழும்பும். வடகடலில் 1973இல் நிறுத்திய எக்கோஃபிஸ்க் என்ற எண்ணெய் சேமிக்கும் கான்கிரீட் தொட்டிக்கு வெளிச்சுவர் முழுக்க ஓட்டை போட்டிருந்தார்கள். அலை ஓட்டை வழியாக உள்ளே போய்ச் சுருண்டு, வலுவிழந்து திரும்பட்டும் என்று. நம் ஊர் வாசலில் தட்டிக்கதவு வைத்துக் காற்றை வடிகட்டுவதுபோல. பெரிய பொருள் என்றால் அலையோடு மல்லுக்கட்டாமல் வழிவிட வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

கான்கிரீட்டை விட்டுவிட்டு மாறியவர்களும் உண்டு. பெல்ஜியத்தின் தார்ன்டன் பேங்க் பண்ணையில் முதல் ஆறு ஆலைகளுக்குக் கான்கிரீட் குடுவை வைத்தார்கள். அடுத்து வந்த 48 ஆலைகளுக்கும் ஜாக்கெட்தான். அதே கடல், அதே திட்டம். கையில் அனுபவம் வந்தபின் எடுத்த முடிவு என்பதால் இதற்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுப்பேன்.

ஜாக்கெட்டின் பலம் அது பெரும்பாலும் ஓட்டையாக இருப்பது. அலை பார்க்கும் எஃகு குறைவு. கால்கள் விரிந்து நிற்பதால் விறைப்பு அதிகம், அதனால் சொந்த ஆட்டமும் வேகமானது. நீண்ட அலையின் தாளத்திலிருந்து வெகுதூரம் தள்ளி நிற்கும். 1995 ஜனவரி 1 அன்று வடகடலின் டிராப்னர் எரிவாயுத் தளத்தில் ஒரு அலை வந்தது. அலையின் பள்ளத்திலிருந்து முகடு வரை 25.6 மீட்டர், சராசரி நீர்மட்டத்துக்கு மேல் மட்டும் 18.5 மீட்டர். தளத்திலிருந்து கீழே பார்த்த லேசர் கருவி அதைப் பதிவு செய்தது. அந்த நேரத்துக் கடலில் எழுந்த பெரிய அலைகளின் சராசரி உயரத்துக்கு இருமடங்குக்கும் மேலான அலை. மாலுமிகள் சொல்லிவந்த ராட்சச அலைகள் கட்டுக்கதையல்ல என்று அன்றுதான் கருவி சாட்சி சொன்னது. நின்றுகொண்டிருந்தது ஒரு ஜாக்கெட். சின்னச் சேதத்தோடு பிழைத்துக்கொண்டது.

குறைகளும் அந்தப் பின்னலிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு மூட்டும் ஒரு வெல்டிங். ஒவ்வொரு வெல்டிங்கும் வருடத்துக்குப் பல லட்சம் அலைகளை எண்ணும். 1980இல் வடகடலில் கவிழ்ந்த அலெக்சாண்டர் கீலாண்ட் மிதக்கும் தளம், ஜாக்கெட் அல்ல. ஆனால் பாடம் ஒன்றுதான். ஒரு குறுக்குக் குழாயில் சின்னக் கருவி ஒன்றை மாட்டுவதற்காகப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் விரிசல் பிறந்தது. அலைகள் அதை மெல்ல மெல்ல வளர்த்தன. 123 பேர் இறந்தார்கள்.

வெதுவெதுப்பான நம் கடலில் இன்னொரு செலவு உண்டு: கொட்டலசு, அதாவது படகிலும் தூணிலும் ஓடாக ஒட்டிக்கொள்ளும் கடலுயிர். ஒரு மீட்டர் குழாயைச் சுற்றி பத்து சென்டிமீட்டர் கொட்டலசும் சிப்பியும் ஒட்டினால் விட்டம் ஒன்றே கால் மீட்டரை நெருங்கிவிடும், மேல்பரப்பும் சொரசொரப்பாகும், அலை இழுக்கும் இழுப்பு எகிறும். எட்டு மீட்டர் மோனோபைலுக்கு அதே பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயமே இல்லை. விசைப்படகை வருடத்துக்கு ஒரு தடவை கரையேற்றிச் சுரண்டுபவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜாக்கெட்டைக் கரையேற்ற முடியாது, முங்குபவரைத்தான் அனுப்ப வேண்டும்.

மிதக்கும் காற்றாலை பற்றி இப்போது ஏகப்பட்ட உற்சாகம். அதை இங்கே வேகமாகத் தாண்டிப் போகிறேன், காரணம் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ஹைவிண்ட், 2017இல் வந்தது, நீளமான மிதவைத் தூண். தண்ணீருக்குள் மட்டும் 78 மீட்டர் வேண்டும். நாம் பேசும் 25 முதல் 45 மீட்டர் ஆழத்தில் அது தரையில் இடித்துக்கொள்ளும். இறுக்கிய கயிறுகளால் கீழே இழுத்துக் கட்டும் வகையை மார்சேய் பக்கத்தில் பிரான்ஸ் சோதிக்கிறது. அதில் கயிறு ஒரு கணம்கூடத் தொய்யக் கூடாது. 2005இல் ரீட்டா புயலுக்குப் பிறகு மெக்சிகோ வளைகுடாவில் இந்த வகை எண்ணெய்த் தளம் ஒன்று தலைகீழாக மிதந்தது. அதற்கு வைத்திருந்த பெயர் டைஃபூன்.

மிச்சம் இருப்பது செமி என்கிற மூன்று நான்கு தூண் மிதவை. போர்ச்சுகலின் விண்ட்ஃப்ளோட் இந்த இனம். பழுது வந்தால் துறைமுகத்துக்கு இழுத்து வரலாம். ஸ்காட்லாந்தின் கின்கார்டின் பண்ணையிலிருந்து 2022இல் ராட்டர்டாம் வரை இழுத்துப் போய்ச் சரிசெய்தார்கள். ஆனால் செமியின் மேல்கீழ் ஆட்டம் பொதுவாக 20 வினாடியை ஒட்டி இருக்கும். அட்லாண்டிக்கில் 12, 14 வினாடி அலைகளுக்கு எட்டாத தூரம் அது. கள்ளக்கடலின் 16, 18 வினாடிக்கு அவ்வளவு தூரமில்லை. அதோடு அலைகள் கூட்டம் கூட்டமாக வரும் என்பது கடலுக்குப் போகும் யாருக்கும் தெரியும்: நாலைந்து பெரிதாக, அப்புறம் கொஞ்சம் ஓய்வு. இந்தக் கூட்டத்தின் தாளம் ஒன்றிரண்டு நிமிடம். நங்கூரத்தில் கட்டிய மிதவை பக்கவாட்டில் நகரும் தாளமும் அதே ஒன்றிரண்டு நிமிடம். ஒவ்வொரு அலையும் தனியாக ஒன்றும் செய்யாது, கூட்டமாகச் சேர்ந்து சங்கிலியை இழுக்கும். அந்தச் சங்கிலிகள் ஒவ்வொரு மிதவையிலிருந்தும் நாலாபக்கமும் நூற்றுக்கணக்கான மீட்டர் விரிந்து கிடக்கும். குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன் நிறைந்த கடல்மேட்டை நம்பி வலை இழுப்பவர்களிடம் அதைப் பற்றி யார் பேசப் போகிறார்கள் என்பது பொறியியல் கேள்வி அல்ல, ஆனால் விடையில்லாமல் வேலை தொடங்க முடியாது.

எந்தக் காலானாலும் மறந்துபோகிற ஒன்று, அங்கே போய் ஏறுகிற ஆள். 2005 ஜூலை 27 அன்று மும்பைக்கு அப்பால் உள்ள பாம்பே ஹை எண்ணெய் வயலில், பருவமழைக் கடலில், காயம்பட்ட ஒருவரைத் தளத்தில் ஏற்ற வந்த உதவிக்கப்பல் தளத்தின் எரிவாயுக் குழாயில் மோதியது. தீயில் தளமே போனது, 22 பேர் இறந்தார்கள். ஜாக்கெட்டை அலை அசைக்கவில்லை. பக்கத்தில் நின்ற கப்பலை அசைத்தது. படகு வந்து அணையும் பக்கம், கால்களின் திசை, ஏணியின் இடம் எல்லாவற்றையும் தென்மேற்கிலிருந்து வரும் நீண்ட அலையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் மோனோபைலுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல் தரலாம்: எந்தப் பக்கத்திலிருந்தும் அது ஒரே மாதிரி, மறைவான பக்கத்தில் படகை ஒட்டலாம்.

என் தேர்வு ஜாக்கெட். முதல் 500 மெகாவாட்டுக்கு, 25 முதல் 45 மீட்டர் ஆழத்துக்குள். நீண்ட அலையைப் பார்த்தால் மற்ற கால்களைவிடக் குறைவாகத் தொந்தரவு வாங்கும். பாம்பே ஹையில் ஐம்பது வருடமாக நிறுத்திப் பழகியது. காட்டுப்பள்ளியில் இதைச் செய்யும் யார்டும் இருக்கிறது. கடல்தளங்களுக்கு ஜாக்கெட் வெல்டிங் செய்த கைகள் நம்மிடம் உண்டு. எட்டு பத்து மீட்டர் விட்டக் குழாயை வளைக்கும் ஆலை புதிதாக வர வேண்டும்.

இந்தத் தேர்வை நானே மாற்றிக்கொள்ளக் கூடிய இடம் ஒன்று உண்டு. ஜாக்கெட்டின் கால்களுக்கும் கீழே முளை வேண்டும். துளையிட்டு எடுத்த மண்ணில் நார்த் ராங்கின் மாதிரி நொறுங்கும் சுண்ணாம்பு மணல் இருபது முப்பது மீட்டருக்குக் கிடந்தால், முளையை அடித்து இறக்க முடியாது. துளைத்து, இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் கூழ் ஊற்ற வேண்டும். சான் பிரியூவில் தரையைத் துளைக்கும்போது கப்பலிலிருந்து எண்ணெய் கசிந்து 2021இல் வேலை நின்றது, மீனவர்கள் படகோடு வந்து மறித்தார்கள். அந்த நிலை வந்தால் கல் மெத்தை போட்ட கான்கிரீட் குடுவையின் விலையை மறுபடி எடுத்துப் பார்ப்பேன். அதற்கு முன்னால் ஒரு மிதவைக்கருவியை அந்த இடத்தில் இரண்டு வருடம் போட்டு, உயரத்துக்குப் பக்கத்துப் பத்தியில் இடைநேரத்தையும் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். குறிப்பாக ஏப்ரல், மே மாதப் பக்கங்களை.